வயரை இழுத்துக் கட்டிப்போட்டு, சென்சர் போயிட்டுதாம்!

ஹாண்டில் மாத்தித் தரச் சொல்லிப் பைக்கைக் குடுத்தன். கெடுத்துத் தந்திருக்காங்க. கேட்டா அக்சலேட்டர் சென்சர் போயிட்டுதாம், புதுசு போடணுமாம். பத்திக்கொண்டு வருது எனக்கு.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரு பக்கம் 60 கிலோமீட்டருக்கு மேல. வேலைக்கெண்டு அந்த ரோட்டில குனிஞ்சு குனிஞ்சு ஓடி நாரி விட்டுப் போச்சு. அதால ஒள்ளம் உயரமான, அகலமான ஹாண்டில் ஒண்டை வாங்கி, பேர்போன ஒரு கராஜில பூட்டக் குடுத்தன். பின்னேரமே தந்தாங்க, காசையும் எண்ணி வாங்கினாங்க. அடுத்த நாள் களுவாஞ்சிகுடிக்க ஒரு சந்தியில வலப்பக்கம் திருப்புறன், மீட்டர்ல மஞ்சள் எஞ்சின் லைட் எரியுது, அக்சலேட்டர் செத்துப் போச்சு. முறுக்கு முறுக்கெண்டு முறுக்கினாலும் எஞ்சின் ஐடில்லதான் நிக்குது. எதிரால லொறி, பின்னால பஸ், நடு ரோட்டில நான். காலால தள்ளித் தள்ளிக் கரைக்கு வந்து சாவியை மூடித் திறந்தா, ஒண்டும் நடக்காத மாதிரி ஓடுது. மறுகா அடுத்த திருப்பத்தில அதே வேலை.

திரும்பக் கொண்டுபோனன். பைக்கை ஒழுங்காத் தொட்டுக்கூடப் பார்க்கல்ல. "தம்பி, இது சென்சர் பிழை, கைப்பிடியோட முழு செட்டா மாத்தணும்."

"அண்ணன், ஹாண்டில் மாத்தும் வரைக்கும் நல்லா இருந்த சென்சர், மாத்தின கையோட எப்பிடிப் போகும்?"

"கரண்ட் சாமான் தம்பி, எப்ப போகும் எண்டு சொல்லேலா."

இதையா ஒரு மெக்கானிக் சொல்லுறது? ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்க, வேற ஆளிட்டப் போறன். தெரியாத்தனத்தை என்ட தலையில ஏன் பில்லாக் கட்டுறீங்க?

இந்த மாதிரிப் பைக்கில கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில கேபிளே இல்ல. முறுக்கினா கைப்பிடிக்க இருக்கிற சென்சர் எவ்வளவு முறுக்கினம் எண்டு ஈசியூவுக்கு, அதான் எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டருக்குச் சொல்லும், ஈசியூ சொன்னபடி ஒரு சின்ன மோட்டார்தான் த்ரொட்டிலை, எஞ்சினுக்குக் காத்து விடுற வால்வைத் திறக்கும். இது நேத்து வந்த சாமானும் இல்ல. 2006லயே யமஹா ஆர்6ல த்ரொட்டிலைத் திறந்தது மோட்டார்தான். கராஜ் நடத்துறவருக்கு இது தெரிஞ்சிருக்க வேணும். அந்தச் சென்சர் ஒண்டுக்கு ரெண்டு சிக்னல் அனுப்பும். ரெண்டும் ஒத்துப்போகாட்டி ஈசியூ உடனே பவரை வெட்டும். பிழையான சிக்னலை நம்பித் த்ரொட்டிலைத் திறந்து விட்டா ஆள் லொறிக்கடியிலதான், அதுக்காகத்தான் அப்பிடிச் செஞ்சு வச்சிருக்கு. அப்ப லைட் எரிஞ்சா முதல்ல பார்க்க வேண்டியது அந்த சிக்னல் வாற வழியை. வயரை!

கடைசியில கல்முனையில கார் வயரிங் வேலை செய்யுற ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்க காக்கா எண்டு கூப்பிடுறவர்தான் பார்த்தார். மல்டிமீட்டரை எடுத்தார், கனெக்டர்ர பின்பக்கத்தால மெல்லிய ஊசியைச் செருகினார். சென்சருக்கு வாற 5 வோல்ட் சரியா இருக்கு. கைப்பிடியை மெல்ல முறுக்கச் சொன்னார், ரெண்டு சிக்னலும் விக்காம ஏறி இறங்குது. அப்ப சென்சர் நல்லம்! "இப்ப ஹாண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்புங்க தம்பி" எண்டார். திருப்பினன். ஒரு சிக்னல் அப்பிடியே பூச்சியத்துக்கு விழுந்துது. நேராக்கினா திரும்ப வருது. இவ்வளவுதான் சோதனை. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் போகல்ல.

டேப்பைப் பிரிச்சுப் பார்த்தா வயித்தெரிச்சல். ஹாண்டில் உயர்ந்திருக்கு, வயர் நீளமாகல்ல. பழைய வழியாலேயே இழுத்துப் பிடிச்சு, ஃபோர்க் திரும்புற இடத்தில கேபிள் டை போட்டு, ஆட்டுக்குக் கயிறு கட்டுற மாதிரி இறுக்கி வச்சிருக்கானுகள். வயர்ர மேலுறையில ஒரு கீறல் இல்ல. ஆனா நகத்தால அமத்திக்கொண்டு போனா ஒரு இடத்தில மட்டும் மெத்தெண்டு அமருது. உள்ளுக்க செப்பு இழை அறுந்து, ஒண்டு ரெண்டுதான் ஒட்டிக்கொண்டு கிடக்கு.

அதோட விடல்ல. கைப்பிடி ஹவுசிங், அந்தச் சென்சர் இருக்கிற கூடு, சுத்தாம இருக்க உள்ளுக்க ஒரு முளை இருக்கும். புது ஹாண்டில்ல அதுக்கு அளவெடுத்து ஒரு துளை போடணும். இவனுகள் துளை போடப் பஞ்சியில முளையை அரத்தால சீவி எறிஞ்சிருக்கானுகள்! அதால ஹவுசிங் ஹாண்டில்ல நழுவி, நழுவுற நேரமெல்லாம் வயரையும் சேர்த்து இழுத்திருக்கு. சீவின முளையை இனி ஆர் ஒட்டித் தாறது?

காக்கா அறுந்த துண்டை வெட்டி எறிஞ்சு, அதே தடிப்பு வயர் வச்சு ஈயம் பத்தி, சூடாக்கினா சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு, மூட்டு வளையாத இடத்தில வாற மாதிரி வச்சார். ஹாண்டில் ரெண்டு பக்கமும் முட்டத் திரும்பினாலும் வயர் தளர்வா நிக்குது. வெறுமனே முறுக்கி டேப் சுத்திக் குடுக்கிற ஆக்களும் இருக்காங்க. கல்லடிக் கடல்காத்தில அந்த மூட்டு பச்சை பூத்துப் போறதுக்குக் கனகாலம் தேவையில்ல. 12 வோல்ட் பல்பு டெஸ்டரால சென்சர் வயரைக் குத்திப் பார்க்கிறவன் இன்னும் மோசம். 5 வோல்ட் லைன்ல அந்தப் பல்பைக் குடுத்தா நல்ல சாமானும் போகும், குத்தின ஓட்டையால உப்பும் ஏறும். பைக்கைக் குடுக்கிற ஆக்கள் கையில என்ன எடுக்கிறாங்க எண்டு பக்கத்தில நிண்டு பாருங்க. எடுக்கும்போது கைப்பிடி விட்டவுடனே தானாத் திரும்புதா, ஹாண்டில் நுனி மூடியில உரசுதா, ஹாண்டிலை முட்டத் திருப்பினா வயர் இறுகுதா எண்டு பார்க்காமக் காசு குடுக்காதீங்க.

2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, 2025லதான் திரும்பத் திறந்தது. அந்த வருசமெல்லாம் இருக்கிற பைக்கைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தின சனம் நாங்க. எங்களிட்டயா நல்ல சென்சரைக் கழட்டி எறி எண்டு சொல்லுறீங்க? நான் நம்பி வாங்கியிருந்தா, புது சென்சரும் அதே அறுந்த வயர்லதான் தொங்கியிருக்கும். மறுகாலும் சந்தியில நிண்டிருப்பன்.

கூலியையும், சீவின ஹவுசிங்குக்குக் காசையும் திருப்பிக் கேட்டிருக்கன். முதலாளி வரட்டுமாம். வரட்டும். அறுந்த வயர்த் துண்டை எடுத்து வச்சிருக்கன், அவர்ர மேசையிலேயே கொண்டுபோய்ப் போடுறன்.