ஏலத்தில் எடுத்த மட்டிக் குலை

போன அறுப்பின் பண்டிகைக்கு ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் காணிக்கைப் பொருட்களின் ஏலம். நம்ம ஊர் ஏலம் தெரியும்தானே, ஒற்றை நாட்டுக்கோழி முட்டை நூறு ரூபாய்க்குப் போகும். ஒரு மட்டி வாழைக்குலைக்கு நானும் இன்னொருத்தரும் ஏட்டிக்குப் போட்டியாக ஏற்றி, கடைசியில் 3,200 ரூபாய்க்கு நான் எடுத்தேன். ஆலய வளாகமே பார்க்கக் குலையைத் தோளில் வைத்து நடந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

வீட்டு நடையில், எங்கள் ரப்பர் விளையில் பால் வெட்டுகிற அண்ணன் நின்றார். மூன்று வாரக் கூலி பாக்கி.

"சாரே, ரூபா வல்லதும் உண்டுமா?"

"ஷீட்டு இன்னும் கடையில போடல்ல. அடுத்த ஆழ்ச்ச பாப்போம்."

அவர் என் தோளைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

அவர் விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த நூலளவு கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது. பிறகு சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் ஷீட்டாக அடித்துக் காயப்போடுவார். எனக்குத் தெரிந்தது கிலோ என்ன விலை என்பது மட்டும்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வழக்கம்போல, "எங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றேன். ஆமென் சொன்ன கையோடு வீட்டுக்காரி கேட்டாள்: "யாருக்க கை?"

சபைக்குப் போவதும் காணிக்கை போடுவதும் வீண் என்று சொல்லவரவில்லை. ஆனால் நம்மில் ஒருவன் விசுவாசியா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போதாது. கூலி கொடுக்கிற சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு நடையில் போய் நின்று பார்க்க வேண்டும். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19-ல் இருக்கிறது. அந்த வசனத்துக்கு ஒரு பிரசங்கம் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இன்று நாம் வாய் நிறையச் சொல்லும் 'ஊழியம்', பழைய திருவிதாங்கூரில் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலைக்குப் பெயர். நம் பூட்டன்மார் அதைச் சுமந்தவர்கள். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்கள் சிலர் அதில் கிடைத்த காசைச் சேர்த்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான். கூலிக் காசு என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? அந்த வழியில் வந்த நான்தான் 'அடுத்த ஆழ்ச்ச' சொன்னேன்.

மறுநாள் பாக்கியைக் கொடுத்துவிட்டேன். இப்போது சனிக்கிழமை தவறுவதில்லை. ஷீட்டு விற்றாலும் விற்காவிட்டாலும்.

ஆனால் இந்த வாரம் முழுக்க மழை, வெட்டு இல்லை. வெட்டாத நாளுக்குக் கூலி ஏது என்று நான் சொல்ல, வீட்டுக்காரி திராட்சத்தோட்டத்து உவமையை எடுத்தாள். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுப் பணம் கொடுத்தாரே, அந்த எஜமான்.

"அவன் ஒரு மணி நேரமாவது வேல பாத்தானே" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். இன்று வெள்ளி. மழை விட்டபாடில்லை.