திரையில் வந்ததை வாசிக்காமல் கேஸ்கேட் அடிக்காதீர்கள்

"டேட்டாபேஸில் டேபிளைத் தூக்கிவிட்டுத் திரும்ப உருவாக்கியாச்சு, எல்லாம் சரி" என்று இனி ஒருவரும் என்னிடம் வராதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எது சரி? அந்த டேபிளில் தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் என்ன ஆனது என்று யார் பார்த்தீர்கள்?

கிளிநொச்சியில் வறட்சிக் காலப் பயிரான சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஏக்கர் கணக்குப் பார்த்துத்தான். பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தரிக்க வேண்டியதுதான். நாங்கள் பார்க்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அந்தப் பட்டியல் ஒரு வியூ, அதாவது டேபிளிலிருந்து ஒவ்வொரு தடவையும் தரவை எடுத்துக் காட்டும் சேமித்த கேள்வி. காணி டேபிளில் ஒரு நிரலின், அதாவது கொலம்னின், தரவு வகையை மாற்ற வேண்டியிருந்தது. வியூ எடுத்தாளும் நிரலை அப்படி மாற்ற போஸ்ட்கிரெஸ் விடாது. ஏன் தடுக்கிறது என்று எங்கள் ஆள் யோசிக்கவேயில்லை. பழையதைக் 'காணி_பழசு' ஆக்கினார், 'காணி' என்று புதிதாக ஒன்றைக் கட்டினார், தரவை ஏற்றினார், வீட்டுக்குப் போய்விட்டார்.

வியூ பெயரைப் பார்த்துப் போவதில்லை ஐயா! டேபிளின் உள் இலக்கத்தைத்தான் பிடித்திருக்கும். பெயர் மாறிய பழசின் பின்னாலேயே அதுவும் போய்விட்டது. ஒரு எரர்கூட இல்லை. புதுப் பதிவெல்லாம் புது டேபிளில், பட்டியல் மட்டும் பழசிலிருந்து.

"பிள்ளை, போன மாசம் பதிஞ்சு துண்டும் தந்தனீங்கள், என்ர பேரைக் காணேல்லையே?" மடித்து மடித்து ஓரம் நைந்த துண்டை மேசையில் விரித்துக் காட்டினார் ஒரு பெரியவர். வெயிலில் சைக்கிள் உழக்கி வந்தவர். அவருக்கு நான் வியூவைப் பற்றியா விளக்குவது?

அதன் பிறகாவது நிதானம் வந்ததா? பழசை டிராப் செய்ய, அதாவது அழிக்கப் போனார். வேறு பொருட்கள் இதை நம்பியிருக்கின்றன என்று மறித்தது. உடனே கேஸ்கேட், அதாவது நம்பியிருப்பதையும் சேர்த்து அழி என்ற கட்டளை! பட்டியல் வியூ போனது, அதன்மேல் கட்டிய ரிப்போர்ட் வியூக்கள் போயின. கட்டண டேபிளின் பாரின் கீயும் போனது. டேபிள் இருக்கிறது, தரவு இருக்கிறது, காவல் இல்லை. இல்லாத காணிக்குக் கட்டணம் பதிந்தாலும் இனி ஏன் என்று கேட்காது. எது எது விழுகிறது என்று திரையில் வரிவரியாகக் காட்டியது. வாசிக்க மனமில்லை. பிகின் போட்டு டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, டிராப் செய்து, விழுவதைப் பார்த்துவிட்டு ரோல்பேக் அடித்திருக்கலாமே! போஸ்ட்கிரெஸில் டிராப்பையும் அப்படித் திரும்பப் பெறலாம். அரை நிமிட வேலை.

வியூக்களைத் திரும்ப எழுதினேன். பழைய அனுமதிகள் வியூக்களோடு போய்விட்டதால் கவுண்டர் லொகினுக்கு எதுவும் திறக்கவில்லை. அதையும் கொடுத்தேன். இன்னும் பிஎல்பிஜிஎஸ்கியூஎல் பங்ஷன்கள், டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த சிறு புரோகிராம்கள், கிடக்கின்றன. அவற்றின் உள்ளே எந்த வியூவின் பெயர் இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் கணக்கு வைப்பதில்லை, ஓடும்போதுதான் விழும். இரவு பதினொரு மணி, ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறேன். காலையில் அந்தப் பெரியவர் திரும்ப வருவார்.