ரசீது பட்டா ஆகாது

பங்கின், அதாவது ஒரு பங்குத்தந்தையின் கீழுள்ள கிறிஸ்தவச் சமூகத்தின், கல்லறைத் தோட்டத்தில் பணம் கட்டி ரசீது வாங்கிய குடும்பக் கல்லறை வாரிசுகளின் சொத்து என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது சரியல்ல. கத்தோலிக்கப் பங்குகளில் நிலம் பெரும்பாலும் மறைமாவட்டத்தின் (ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி) பெயரிலோ அதன் சங்கத்தின் பெயரிலோதான் இருக்கும். குடும்பத்துக்கு இருப்பது அடக்க உரிமை மட்டும். அந்த ரசீதை வைத்துப் பத்திரம் பதியவோ அடுத்தவருக்கு விற்கவோ முடியாது.

அதற்காகப் பங்குத்தந்தை இஷ்டத்துக்கு மறுக்கலாம் என்றும் இல்லை. திருச்சபைச் சட்டம் 1180இன்படி, பங்குக்குக் கல்லறை இருந்தால் பங்கு மக்களை அங்கேதான் அடக்க வேண்டும். ஆனால் விரும்பினால் வேறிடம் தேர்ந்துகொள்ளவும் உரிமை உண்டு. 1181, ஏழைகளுக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்படக் கூடாது என்கிறது. பங்குக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கியைச் சொல்லி இழவு வீட்டாரை அலைக்கழிப்பது அநியாயம்.

சண்டை வெடிப்பது அடுத்தவரை அடக்கக் கல்லறையைத் திரும்பத் திறக்கும்போது. ரசீது தாத்தா பெயரில், அதுவும் ‘அந்தோணி, மேலத்தெரு’ என்று மட்டும் இருக்கும். மகன் வழியும் மகள் வழியும் ஒரே குழிக்கு நிற்பார்கள். எல்லோரும் நன்றாக இருக்கும்போதே வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டுப் பங்கில் பெயர் மாற்றம் கேளுங்கள். வரிசை, கல்லறை எண், உள்ளே இருப்பவர்கள், அடக்கத் தேதி ஆகியவற்றை பங்கின் இறந்தோர் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

எத்தனை வருடம் கழித்துத் திறக்கலாம் என்பது பங்கு விதியையும் மண்ணையும் பொறுத்தது. நீர் தேங்கும் களிமண்ணில் உடல் மக்கத் தாமதமாகும். முழு நீள மார்பிள் பலகை வேண்டாம்; திறக்கும்போது உடைந்தால் செலவு உங்களுடையது. பங்குப் பதிவு அரசுப் பதிவாகாது, இறப்பை 21 நாளுக்குள் அரசிடம் தனியாகப் பதிய வேண்டும்.