போர்ட்லாந்தின் தவளை

ஒரு பெரிய பச்சைத் தவளை. காற்றடைத்த உடை. உள்ளே ஒரு சின்ன ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தவளை தொய்ந்துவிடும். 2025 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், குடியேறிகளைப் பிடிக்கும் ஐஸ் அமைப்பின் அலுவலக வாசலில் ஒருவர் இந்த உடையில் நின்றுகொண்டிருந்தார். ஓர் அதிகாரி அந்தக் காற்றுத் துளைக்குள்ளேயே பெப்பர் ஸ்பிரேயை அடித்தார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அப்புறம் அங்கே வந்து நின்றது ஒரு தவளையல்ல, தவளைக் கூட்டம். கூடவே கோழி, டைனோசர், யூனிகார்ன்.

"ராணுவத்தை அனுப்பப் போகிறேன் என்கிறான் டிரம்ப், இவர்கள் கோமாளி வேஷம் போடுகிறார்களே" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. சொந்த ஊருக்குள் படையை இறக்கும் ஆட்சியாளருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு படம். நகரம் எரிகிற படம். அதைத் தர மாட்டோம் என்று அந்தத் தவளைகள் நின்றன.

லாஸ் ஏஞ்சலிஸில் அந்தப் படம் கிடைத்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று, ஆளுநர் கேவின் நியூசம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், டிரம்ப் கலிஃபோர்னியா நேஷனல் கார்டை, அதாவது வழக்கமாக ஆளுநர் கையில் இருக்கும் மாநிலப் படையை, தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்தார். மாநில ஆளுநர் கேட்காமல் அதிபர் இப்படிச் செய்தது 1965-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் செய்தது செல்மாவில் ஊர்வலம் போன கறுப்பின மக்களைக் காப்பாற்ற. ஜூன் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் டவுன்டவுனில் ஓட்டுநரில்லாத வேமோ கார்கள் சில எரிந்தன. டிவி முழுக்க அந்த நெருப்புதான். ஏறக்குறைய 500 சதுர மைல் பரப்புள்ள ஊரில் மேயர் கேரன் பாஸ் ஊரடங்கு போட்டது சுமார் ஒரு சதுர மைலுக்கு! அது யார் கண்ணிலும் படவில்லை. நேஷனல் கார்டு வீரர்கள் 4,000 பேர், மரைன்கள் 700 பேர் என்று எண்ணிக்கை ஏறியது. காரைக் கொளுத்தியவனுக்கு என்ன கிடைத்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

போர்ட்லாந்தைப் "போரால் சீரழிந்த" ஊர் என்றார் டிரம்ப். அங்கே படை அனுப்புவதை எதிர்த்த வழக்கு நீதிபதி காரின் இம்மர்கட்டிடம் போனது. டிரம்பே 2019-இல் நியமித்தவர் அவர். அதிபரின் கணிப்புக்கும் களத்தில் நடந்ததற்கும் ஒட்டே இல்லை என்று எழுதித் தடை போட்டார். தவளையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் கல்லை எடுத்திருந்தால் அந்த வரியை எழுதுவது கடினம், அவ்வளவுதான்.

சிகாகோவில் விசில். சரியாகச் சொன்னால் அது ராணுவத்துக்கு எதிராக அல்ல, ஐஸ் ஆட்களுக்கு எதிராக. ஆனால் டெக்சாஸிலிருந்து நேஷனல் கார்டு வீரர்கள் வந்து சேர்ந்தபோது ஊரே அந்தப் பழக்கத்தில் இருந்தது. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில். விட்டு விட்டு ஊதினால் ஐஸ் ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நிறுத்தாமல் நீட்டி ஊதினால் யாரையோ பிடிக்கிறார்கள், ஓடி வா. இதற்குத் தலைவர் வேண்டாம், மேடை வேண்டாம். தெருவில் யாரென்றே தெரியாதவர்களை ஒருவருக்கொருவர் ஓடிவர வைத்தது இந்த விசில். படைகளைத் தெருவில் இறக்கும் முயற்சியை முதலில் நீதிமன்றம் தடுத்தது. டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை நீக்க மறுத்தது.

தலைநகர் வாஷிங்டன் வேறு கதை. அது மாநிலமில்லை, ஆளுநர் இல்லை. அங்குள்ள நேஷனல் கார்டு நேரடியாக அதிபர் கையில். ஆகஸ்டில் வந்தவர்கள் செர்ரி மரங்களுக்கு அடியில் மரத்தூள் பரப்பினார்கள், குப்பை பொறுக்கினார்கள். இரவு எட்டு மணி ஆனால் ஜன்னலிலும் வாசல்படியிலும் நின்று ஐந்து நிமிடம் பாத்திரம் தட்டினார்கள் மக்கள். எல்லாருக்கும் கோபம் என்றும் சொல்லிவிட முடியாது. மத்திய போலீஸ் கூடுதலாக வந்ததால் கார் பறிப்பு குறைந்தது என்று மேயர் மியூரியல் பௌசரே சொன்னார். அதே மூச்சில், வெளிமாநில நேஷனல் கார்டு வந்ததால் பயனில்லை என்றும் சொன்னார். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளை வளர்க்கும் ஒரு தாய் சீருடையைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அவர் தெருவில் அந்த வீரர்கள் நின்றார்களா, நினைவுச்சின்னங்கள் பக்கமா என்று கேட்பேன்.

வீரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் வெறும் தரையில் படுத்துத் தூங்கிய பையன்களின் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் 26 அன்று, வெள்ளை மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்திருந்த நேஷனல் கார்டு வீரர்கள் இருவரை ஒருவன் சுட்டான். அதில் இறந்துபோன பெண்ணுக்கு வயது 20. அன்றைக்கே வந்த உத்தரவு, இன்னும் 500 பேரை அனுப்பு.