வேலைக்குப் போற வண்டில மொதல்ல எதை ஏத்தணும்

ஞாயித்துக்கெழம சாயந்திரம் எங்க அக்கா பையன் வந்தான். போர்வெல் மோட்டார் வேலைக்கு தனியா போகப் போறான், செகண்ட் ஹேண்டுல ஒரு குட்டியானை எடுத்திருக்கான், டிஎன் 23, நம்ம வேலூர் நம்பர் வண்டி, பாடி நல்லாதான் இருக்குது. மாமா இன்னா இன்னா வாங்கிப் போடணும்னு பாருன்னு ஒரு பேப்பரை நீட்டினான். கார்ட்லெஸ் ட்ரில், ஆங்கிள் கிரைண்டர், வெல்டிங் மிஷின், சாக்கெட் செட்டுன்னு அறுபதாயிரத்துக்கு மேல போட்டு வெச்சிருக்கான். முழுசா படிச்சுப் பாத்தேன், ஒரு பீஸ் (ஃபியூஸ்) ஒயர் இல்ல, ஒரு கெபாசிட்டர் இல்ல, கயிறு இல்ல, தண்ணி கேன் இல்ல. கயிறு எங்கடான்னா வண்டிய வித்தவரே ஒரு சுருள் விட்டுட்டு போயிருக்காரு மாமா நல்லாதான் இருக்குதுன்றான். அந்தக் கயிறைப் பத்தி அப்பால வரேன்.

நான் இந்த வேலைக்கு வந்து இருவத்திரெண்டு வருசம் ஆவுது. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, குடியாத்தம், லத்தேரி, இந்தப் பக்கம் கணியம்பாடி அமிர்தி வரைக்கும் மோட்டார் தூக்கி எறக்கி இருக்கேன். இதுல நான் கத்துக்கினது இதான்: வண்டில வெல ஜாஸ்தியான மிஷின் இல்லாததால ஒரு வேலையும் கெட்டது கெடையாது, பத்து ரூவா இருவது ரூவா சாமான் இல்லாம தான் கெட்டிருக்குது. சாமான் இல்லாத நேரத்துல நம்ம வாய்ல வர்ற மொத வார்த்தை "இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்". அந்த வார்த்தை வராம இருக்கறதுக்குத்தான் வண்டில சாமான் வெக்கறது, என்னைக் கேட்டா வேற காரணமே இல்ல.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு பெரியவரு கூப்பிட்டாரு, நாலஞ்சு வருசம் முன்னாடி, ஒரு ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், உர்ருனு சத்தம் வருது ஆனா ஓடல. போய்ப் பாத்தா மோட்டாரை சுத்த வெக்கற கெபாசிட்டர் உப்பிக்கினு கெடக்குது. அஞ்சு நிமிசம் வேலை, ஆனா அந்த அளவு என் வண்டில இல்ல. ஞாயித்துக்கெழம, பக்கத்துல இருக்கற கடை சாத்திட்டான், வேலூருக்கு வந்து திரும்பப் போனா போக வர எழுவது கிலோமீட்டர், நாலு லிட்டர் டீசல். அந்தப் பெரியவரு கத்திரி நாத்து விட்டிருந்தாரு, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, நம்ம ஊர்ப் பேரைச் சொல்லி 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே கத்திரி. நாத்து வெயில்ல துவண்டு நிக்குது, அவரு குடத்துல தண்ணி மொண்டு ஊத்திக்கினு இருக்காரு, எழுவது வயசு இருக்கும். நாளைக்கு வரேன் பெரியப்பான்னு சொல்லிட்டு வந்தேன், அவரு ஒன்னும் சொல்லல, சரிப்பான்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதுல இருந்து ரன் கெபாசிட்டர் 36, 40, 50 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட், கெபாசிட்டர் அளவு) மூனுலயும் ரெண்டு ரெண்டு, 440 வோல்ட்டு, ஸ்டார்ட் கெபாசிட்டர் 120-150 ரெண்டு, எப்பவும் வண்டில இருக்கும். ஒன்னு எடுத்தா அன்னிக்கு சாயந்திரமே வாங்கி வெச்சுடுவேன்.

தீர்ந்து போற சாமான் தான் மொதல்ல. பீஸ் ஒயர் அளவு வாரியா, பீஸ் கட்டை மூனு, ரப்பர் டேப்பு, பிவிசி டேப்பு பத்து ரோல், ஒயர் முனைல மாட்டற லக்ஸ் ஒரு டப்பா, 2.5 ஸ்கொயர் எம்எம்லயும் 4 ஸ்கொயர் எம்எம்லயும் பிளாட் கேபிள் பத்து பத்து மீட்டர், டெஃப்லான் டேப்பு, சணல், ஆக்சா பிளேடு, ஒன்னேகால் ஒன்றரை ரெண்டு இஞ்சுல கப்ளிங், எல்போ, மரை போட்ட எம்டிஏ எஃப்டிஏ இணைப்புங்க, பைப்பு ஒட்டற சொலூஷன். சொலூஷனையும் டேப்பையும் டேஷ்போர்டு மேல வெக்காதீங்க, நம்ம வேலூர் வெயில்ல ஒரே வாரத்துல சொலூஷன் ஜெல்லி ஆயிடும், டேப்பு பசை உருகி கையெல்லாம் ஒட்டும் ஆனா கேபிள்ல ஒட்டாது, அந்த டேப்பைச் சுத்தி போர்ல எறக்குனா ரெண்டே மாசத்துல ஜாயின்ட்ல தண்ணி எறங்கி மறுபடியும் மோட்டார் தூக்கணும். ஜாயின்ட்டுக்கு மொதல்ல ரப்பர் டேப்பு நல்லா இழுத்து பாதி மேல பாதி ஏறுற மாதிரி சுத்தணும், அதுக்கு மேல பிவிசி டேப்பு. ரப்பர் டேப்பு தீர்ந்துடுச்சுன்னு பிவிசி மட்டும் சுத்தி எறக்கறவங்களை நான் பாத்திருக்கேன், ஏன்னு கேட்டா வண்டில இல்லண்ணேன்னுதான் பதில் வரும்.

பீஸ் ஒயர் விசயத்தை கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். பீஸ் ஒயர் கைல இல்லன்னா மெக்கானிக் இன்னா பண்றான், கேபிள்ல இருந்து ஒரு கம்பியை உருவி கட்டைல முறுக்கி விட்டுட்டு வந்துடறான். அது போகவே போகாது, அதான் ஆபத்து. ஒரு பேஸ்ல பிரச்சனைன்னா பீஸ் போகணும், போகாம மோட்டார் காயில் போவுது. ஒரு பேஸ் போயி மிச்ச ரெண்டுல ஓடற மோட்டார் அந்த ரெண்டுலயும் ஒன்னே முக்கால் மடங்கு ஆம்ஸ் இழுக்கும், ஆம்ஸ் ஜாஸ்தியானா மோட்டாரை நிறுத்தற ஓவர்லோடு ரிலேவும் சரியா செட் பண்ணலன்னா காயில் கருகி நாத்தம் வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. காயில் கட்டறதுக்கு ஆவற செலவு, தூக்கி எறக்கற கூலி, அத்தினி நாள் பயிருக்கு தண்ணி இல்ல, எல்லாம் ஒரு சாண் பீஸ் ஒயருக்கு.

டூல்ஸ்ல எது முக்கியம்னா ஆம்ஸ் பாக்கற கிளாம்ப் மீட்டர், காயில் கேபிள்ல கசிவு இருக்குதான்னு பாக்கற மெகர், அப்புறம் டெஸ்ட் லாம்ப். நிறைய பேரு டெஸ்டரை மட்டும் பாக்கெட்ல சொருவிக்கினு வரானுங்க. த்ரீ பேஸ்ல ஒரு பீஸ் போயிருந்தாலும் மோட்டார் காயில் வழியா திரும்பி கரண்ட் வந்து மூனு எடத்துலயும் டெஸ்டர் எரியும், மூனு பேஸும் இருக்குதுன்னு நம்பி மோட்டாரை ஓட விட்டுடுவாங்க. பட்டப்பகல்ல வெளிய நின்னு பாத்தா எரியறதே தெரியாது, கரண்ட் இல்லன்னு நினைச்சு கைய வெக்கறவன் நெலமைய யோசிங்க. ரெண்டு நூறு வாட்ஸ் குண்டு பல்பை சீரியல்ல கட்டி ஒரு டெஸ்ட் லாம்ப் வெச்சுக்கோங்க, பேஸுக்கு பேஸ் 415 வோல்ட்டை ரெண்டு பல்பும் பங்கு போட்டுக்கும், மூனு ஜோடியும் ஒரே மாதிரி எரியுதான்னு கண்ணுக்கு நேரா தெரியும். கழட்டின கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்றதுக்கும் அதே லாம்ப் போதும், திருப்புளியைக் குறுக்க வெச்சு டப்புனு சத்தம் வர வெக்கற பழக்கத்தை விட்டுடுங்க, தெறிச்சு கண்ணுல படும்.

இப்ப கயிறு.

2013 ஏப்ரல், குடியாத்தம் தாண்டி ஒரு கழனி, 600 அடிக்கு மேல ஆழமான போர். ஜிஐ பைப்பு, ஒன்றரை இஞ்சு, 20 அடி லென்த் முப்பது. லென்த் ஒன்னு இருவது கிலோவுக்கு மேல வரும், பைப்பு மட்டுமே அறுநூறு கிலோவைத் தாண்டும், தண்ணி கீழ எறங்காம தடுக்கற என்ஆர்வி வால்வு புடிச்சு வெச்சிருக்கற தண்ணி, மோட்டார் வெயிட்டு எல்லாம் தனி. முக்காலி நிறுத்தி செயின் பிளாக் (சங்கிலி கப்பி) மாட்டியாச்சு. பைப்பைக் கவ்வற கிளாம்ப்புக்கும் கொக்கிக்கும் நடுவுல போடற ஒயர் ரோப் ஸ்லிங், அதான் இரும்புக் கம்பி வடம், இழை பிரிஞ்சு கெடந்துச்சு, புதுசு வாங்கணும் வாங்கணும்னு ரெண்டு மாசமா தள்ளிக்கினு வந்தேன். அன்னிக்கு அதை எடுத்துப் பாத்துட்டு வேணாம்னு தூக்கிப் போட்டேன், அது வரைக்கும் சரி. அதுக்கு பதிலா வண்டி மேல கெடந்த நைலான் கயிறை நாலு மடிப்பா போட்டேன். அந்தக் கயிறு வருசக்கணக்குல வெயில்ல காஞ்சது, வெளிய பாக்க நல்லாதான் இருக்கும், மடக்கிப் பாத்தா மொறமொறன்னு தூள் கொட்டும், நான் மடக்கிப் பாக்கல. த்ரீ பேஸ் கரண்ட் போறதுக்குள்ள மாத்தி எறக்கி ஓட்டிக் காட்டணும்னு அவசரம்.

பதினோராவது லென்த் வரும்போது கயிறு அறுந்துச்சு. பைப்பு ஒரு அடி கூட எறங்கல, கிளாம்ப்பு போர் வாய்ல நிக்கற கேசிங் பைப்பு மேல ஒக்காந்துச்சு, ஆனா நடுவுல என்கூட வந்த பையன் கை இருந்துச்சு. பத்தொம்பது வயசு, என்னை அண்ணேன்னு கூப்பிடுவான், அவன் கத்துன கத்தல் இன்னிக்கும் காதுல இருக்குது. துணி சுத்தி வேலூருக்கு கொண்டாந்தோம், ரெண்டு விரல்ல ஒன்னை சரி பண்ணிட்டாங்க, இன்னொன்னு பாதி போச்சு. செலவு எல்லாம் நான்தான் பாத்தேன், ஆனா விரலுக்கு நான் இன்னா குடுக்க முடியும். அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. அவன் இப்ப ஊர்லயே டீக்கடை வெச்சிருக்கான், அந்தப் பக்கம் போனா நிறுத்தி டீ குடிச்சுட்டுதான் வருவேன், கிளாஸை அவன் அந்தக் கைல தான் நீட்டுவான்.

அதனால ஸ்லிங் ரெண்டு வெச்சுக்கோங்க, ஒன்னு பிரிய ஆரம்பிச்சா அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொன்னை எடுக்கற மாதிரி. கிளாம்ப் ரெண்டு ஜோடி, ஒன்னு கேசிங் மேல, ஒன்னு தூக்கறதுக்கு, போல்ட்டு நட்டு த்ரெட்டு தேஞ்சுதான்னு மாசம் ஒரு வாட்டி பாருங்க. செயின் பிளாக் ரெண்டு டன் எடுங்க, ஒரு டன்ல இழுத்துடலாம்னு சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க. கயிறை வண்டி மேல போடாம ஒரு சாக்குல கட்டி உள்ள வைங்க, லோடு கட்டறதுக்கு ஒரு கயிறு, மோட்டாரோட எறக்கறதுக்கு வேற கயிறு, ரெண்டும் ஒன்னோட ஒன்னு சேரவே கூடாது. கை உறை, ஷூ உங்களுக்கு மட்டும் இல்ல, கூட வர்ற பசங்களுக்கும். ஓனரு ஷூ போட்டுக்கினு நிப்பாரு, பையன் ரப்பர் செருப்புல ஈரத்துல நின்னு பேனல் தொறப்பான், இதை நான் எத்தினி எடத்துல பாத்துட்டேன், பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

ராத்திரில த்ரீ பேஸ் வந்து மோட்டார் எடுக்கலன்னு போன் வந்தா போய்த்தான் ஆவணும். மோட்டார் கொட்டால இருட்டுல கைய விடாதீங்க. பேனல் போர்டு சூட்டுக்கு எலி வரும், எலிக்கு பின்னாடி பாம்பு வரும், நம்ம பக்கம் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் ஜாஸ்தி. தலைல மாட்டற டார்ச் ஒன்னு, ஒரு நீட்டு கம்பு, அதால தட்டிட்டு பேனல் கதவைத் தொறங்க. கடிச்சுடுச்சுன்னா கட்டு போடறது, கீறி விடறது, பச்சிலை தேடறது ஒன்னும் வேணாம், கடிபட்ட கை காலை ஆட்டாம வெச்சு 108க்கு போன் போடுங்க, இல்ல அதே குட்டியானைல படுக்க வெச்சு விஷமுறிவு ஊசி இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்க.

சின்ன பவுடர் தீயணைப்பான் ஒன்னு டிரைவர் சீட்டு பக்கத்துல கை எட்டற எடத்துல இருக்கணும், பின்னாடி சாமானுக்கு அடியில இருந்தா இருந்தும் பிரயோசனம் இல்ல. அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. மே மாசம் கத்திரி வெயில்ல மதியம் பைப்பு இழுக்கற பையன் தலை சுத்துதுண்ணேன்னு சொன்னா சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, நெழல்ல ஒக்கார வெச்சு மேல தண்ணி தெளிச்சு குடிக்க வெக்கணும். கத்திரி நேரத்துல பதினொன்னு தாண்டினா நான் மோட்டார் தூக்கறதில்ல, வெள்ளன அஞ்சு மணிக்கு போய் முடிச்சுடுவேன்.

வண்டிக்குன்னு ஸ்டெப்னி காத்தோட இருக்குதா, ஜாக்கி, வீல் ஸ்பேனர், மலைப் பக்கம் போறவங்க டயருக்கு முட்டுக் கொடுக்க ரெண்டு கட்டை. ஹைவேல ராத்திரி நின்னா பின்னாடி வெக்க ரிஃப்ளெக்டர் முக்கோணம்.

எல்லாத்தையும் ஏத்தி வண்டிய ஹார்டுவேர் கடை ஆக்கிடாதீங்க. குட்டியானை தாங்கறது முக்கா டன் வாக்குல, டூல்ஸே அதுல பாதி ஆயிட்டா பைப்பு எங்க ஏத்தறது. வெல்டிங் மிஷின் மாசத்துல ஒரு நாள் வேணும், அன்னிக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம். பழைய பெயின்ட் பக்கெட்ல சாமானை பிரிச்சு வைங்க, மூடி மேல பெரிய எழுத்துல எழுதுங்க, ஏன்னா தேடறது நீங்க இல்ல, போர் பக்கத்துல இருந்து நீங்க கத்தும்போது ஓடி வந்து எடுக்கறது அந்தப் பையன். சன் வைசர்ல ஒரு நோட்டு, நூல் கட்டின பென்சில். எதை எடுத்தாலும் அப்பவே எழுதிடணும், சாயந்திரம் கடைக்குப் போய் அதைப் பாத்து வாங்கணும். தலைல வெச்சுக்கறேன்னு சொல்றவங்க வண்டில தான் ரப்பர் டேப்பு இருக்காது.

அக்கா பையன் எல்லாம் கேட்டான், ஒரு எடத்துல மட்டும் மொகம் சுருங்குச்சு, மாமா இத்தினி சில்லறை சாமானுக்கே பதினஞ்சாயிரம் ஆயிடும் போல இருக்குதே, ட்ரில்லு வாங்க காசு பத்தாதேன்னான். ட்ரில்லு என்னுது எடுத்துக்கோடான்னு குடுத்துட்டேன். திங்கக்கெழம ரெண்டு பேரும் லாங்கு பஜார் பக்கம் போய் எல்லாம் வாங்கினோம், ஸ்லிங் ரெண்டு மொதல்ல வாங்கினது. கயிறைப் பத்தி நான் மறுபடியும் பேசல, டீக்கடைக்காரன் கதைய மட்டும் சொன்னேன், அவனுக்கும் அவனைத் தெரியும், விரல் எப்படிப் போச்சுன்னு தான் தெரியாது.

இன்னிக்கு காலைல அஞ்சரைக்கு கே.வி.குப்பம் பக்கம் மொத வேலைக்கு கெளம்பிட்டான். நான் எழுந்து வாசல் தொறந்தா, அந்தப் பழைய கயிறு சுருள் எங்க வீட்டு திண்ணைல கெடக்குது, நடுவுல மடக்கிப் பாத்திருக்கான், தூள் கொட்டி இருக்குது.