சால்டரிங்கும் பிரேசிங்கும் ஒன்றல்ல

சால்டரிங், பிரேசிங் இரண்டும் உலோகத் துண்டுகளை ஒட்டும் ஒரே வேலையின் இரு பெயர்கள் என்றும், ஆகவே பிரிட்ஜின் செப்புக் குழாயைச் சால்டரிங் அயர்ன் கொண்டே ஒட்டிவிடலாம் என்றும் சிலர் நினைப்பது தவறு. இரண்டிலும் இணைக்கப்படும் உலோகம் உருகுவதில்லை, நிரப்பு உலோகம் மட்டுமே உருகி இடுக்கில் பரவுகிறது என்பதால் குழப்பம் இயல்பானதே. போதாக்குறைக்கு, தமிழில் வெல்டிங்கையும் சேர்த்து மூன்றையும் 'பற்றவைத்தல்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நிரப்பு உலோகம் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகினால் அது சால்டரிங், அதற்கு மேல் என்றால் பிரேசிங். ரேடியோ மெக்கானிக்கின் கையிலிருக்கும், 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும். பிரிட்ஜ் குழாய்க்கான செம்பு-பாஸ்பரஸ் கம்பியோ, கேஸ் டார்ச் பட்டுக் குழாய் மங்கலாகச் சிவந்து, 700 டிகிரியைத் தாண்டிய பிறகே இளகும். கம்ப்ரசரின் அழுத்தத்தையும் ஓயாத அதிர்வையும் அந்த மென்மையான ஈயப் பற்று நெடுநாள் தாங்காது.