ஊட்டிக்குத்தான் இ-பாஸ், புங்கமரத்துக்கு இல்லை

கோடை லீவு விட்டால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிற கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், உயர்நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனது. இயற்கை மேல் நமக்கு அவ்வளவு பிரியம்! அதே ஆட்களிடம் வீட்டு வாசலில் நிற்பது என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ மரம் சார், கார் மேல ஒரே குப்பை" என்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை மலை ஏறிவிட்டு வருவதைத் தப்பென்று சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். ஆனால் அது விருந்தாளி உறவு. பழக்கம் வேண்டுமென்றால் தினம் கண்ணில் படுகிற ஒன்றோடுதான் பழக முடியும். சென்னை மாதிரி ஊரில் அதற்கு ஒரு தெருமரமே தாராளம்.

எங்கள் தெருவில் இருப்பது புங்கமரம். மாசி, பங்குனியில் பழைய இலையை எல்லாம் கொட்டிவிட்டுக் கொஞ்ச நாள் வெறும் கிளையாக நிற்கும். பிறகு துளிர் விடும் பாருங்கள், மினுமினுவென்று அப்படியொரு இளம்பச்சை! கத்திரி வெயில் வருவதற்குள் நிழல் தயார். அடுத்தது பூ. வெள்ளையில் லேசாக ஊதா ஓடிய பொடிப்பூ, காலையில் ரோடெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். மேலே தேனீக்கள் போடுகிற சத்தம் கீழே நிற்பவருக்கே கேட்கும்.

உதிர்ந்த இலையைக் கையில் எடுத்தால் சிலவற்றில் கொப்புளம் கொப்புளமாகப் புடைப்பு இருக்கும். மரத்துக்கு நோய் வந்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்பார் மாடிவீட்டுக்காரர். தென்னை வைத்திருப்பவர்களைப் பாடாய்ப்படுத்துகிற ஈரியோபைட் சிலந்திப்பேன் இருக்கிறதே, அதன் பங்காளி ஒன்று அந்தப் புடைப்புக்குள் குடித்தனம் நடத்துகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. புங்கன் இதற்கெல்லாம் அசருகிற மரமில்லை.

இதே மரத்தில் காகம் கூடு கட்டும். பின்னாலேயே குயில் வந்துவிடும். "அவள் குரல் குயில் மாதிரி" என்று காலங்காலமாக எழுதித் தள்ளுகிறோம், ஆனால் கூவுவது ஆண். கன்னங்கரேலென்று, கண் மட்டும் சிவப்பாக இருப்பவர். பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, குரலும் 'கிக் கிக் கிக்' என்றுதான் வரும். காகங்கள் ஆண் குயிலைத் துரத்திக்கொண்டு போகிற சந்தடியில் அம்மணி நைசாக முட்டையிட்டுவிட்டு நழுவுவதும் உண்டு. இதைப் பார்க்க பைனாகுலர் வேண்டாம், பால்கனியும் பொறுமையும் போதும்.

மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். யானைக்குக் கொடுத்த அதே மரியாதையை ஊருக்குள் திரியும் காகத்துக்கும் அணிலுக்கும் கொடுத்தவர். நம் ஆட்களோ புலி கண்ணில் படாவிட்டால் முதுமலையே வேஸ்ட் என்கிறார்கள்.

தனியாக உட்கார போரடித்தால் பொங்கல் லீவில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். மொட்டைமாடியில் 15 நிமிஷம் உட்கார்ந்து கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது. மரம்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் துளிர், பூ, காய் என்று குறித்து வரலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், எண்ணிக்கைப் போதை பொல்லாதது. நூறு பறவை பார்த்தேன் என்பவரிடம் மைனா என்ன தின்னும் என்று கேட்டால் முழிக்கிறார்.

இன்னொரு விஷயம், அடிமரத்தை ஒட்டிப் பூசியிருக்கிற சிமென்ட். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரிய வேண்டும் என்று டெல்லி மரங்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் அந்த ஒரு மீட்டரைப் பிடுங்க அசோசியேஷனோடு நடந்த மல்லுக்கட்டு பெரிய கதை. சிமென்டை உடைத்தாயிற்று, இப்போது அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.